தேங்காய் சிக்கும் இடம்

வாசகர் கேள்வி – பதில்
(பதில் சொல்பவர், 31 ஆண்டுகள் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்)

கேள்வி: சீழ் என்பது பெரும்பாலும் செத்த வெள்ளையணுக்கள் என்று மகளின் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. ரத்தக்குழாயில் ஓட்டை எதுவும் இல்லாமல் அவை எப்படி வெளியே வருகின்றன?
– வாசகி, விருதுநகர்

நல்ல கேள்வி. 1867இல் யூலியஸ் கோன்ஹைம் என்ற ஜெர்மானியர் தவளையின் குடல் சவ்வை நுண்ணோக்கியில் வைத்து, வெள்ளையணுக்கள் குழாய்ச் சுவரைத் துளைக்காமல் நெளிந்து வெளியேறுவதை மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தார். சுவரின் செல்களுக்கு இடையிலான இடுக்குதான் அவற்றுக்கு வாசல்.

அணு கூழ் மாதிரி, எப்படியும் வளையும். தகராறு செய்வது உள்ளே இருக்கும் உட்கருதான். காய்கறிப் பையை ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே இழுத்துப் பாருங்கள். கீரையும் தக்காளியும் நசுங்கியாவது வந்துவிடும், தேங்காய் சிக்கிக்கொள்ளும். அந்தத் தேங்காய்தான் உட்கரு.

நியூட்ரோபில் என்ற வெள்ளையணு இதற்கு வழி வைத்திருக்கிறது. லீஷ்மன் சாயம் ஏற்றிய ஸ்லைடில் அதன் உட்கரு ஊதா நிறத்தில் மூன்று முதல் ஐந்து மடல்களாக, மெல்லிய இழையில் கோத்த மணிகள் போலத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அதைப் பார்த்து, 'உட்கரு உடைந்த அணுக்கள்' என்று எழுதிவைத்து நன்றாகத் திட்டு வாங்கினேன்.

மடல் மடலாக இருப்பதால்தான் எளிதில் நுழைகிறது என்று வெகுநாள் நம்பினேன். ஆனால் பெல்கர்–ஹியூட் என்ற பரம்பரை மாற்றம் உள்ளவர்களுக்கு இரண்டே மடல்தான், மூக்குக்கண்ணாடி மாதிரி. அவர்கள் பெரும்பாலும் நோய்நொடியின்றி இருக்கிறார்கள். அப்படியானால் வடிவத்தைவிட மென்மைதான் பெரிது. உட்கருவின் உறைக்கு அடியில் வலைபோல நின்று விறைப்பைத் தரும் புரதம் லாமின் ஏ. நியூட்ரோபிலில் அது மிகக் குறைவு.

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்று வந்து குணமானது. புற்றுச் செல்களும் இப்படி நெருக்கிக்கொண்டுதான் பரவுகின்றனவா? நசுங்கினால் அவை சாகாதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

அம்மா நலமாக இருப்பது மகிழ்ச்சி. ஆமாம், அவையும் திசுவின் நார்களுக்கு இடையே இப்படித்தான் நுழைகின்றன. இதற்கும் ஓர் எல்லை உண்டு. செல்களின் நகர்வை ஆராயும் பீட்டர் ஃப்ரீடல் குழுவினர் 2013இல் அளந்து சொன்னார்கள்: துளையின் பரப்பு உட்கருவின் குறுக்குப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு வரை சுருங்கினால் அணு நின்றுவிடுகிறது. அவர்கள் பார்த்த புற்றுச் செல்களுக்கு அந்த எல்லை ஏறக்குறைய 7 சதுர மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), நியூட்ரோபிலுக்கு வெறும் 2. ஆனால் புற்றுச் செல் சும்மா நிற்காது. நார்களைக் கரைக்கும் நொதியைச் சுரந்து வழியை அகலமாக்கிக்கொள்ளும்.

நசுங்கினால் என்ன ஆகும் என்பதை 2016இல் பாரிசின் க்யூரி நிறுவனத்தில் மத்தியூ பியல் குழுவும், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் யான் லாமர்டிங் குழுவும் ஒரே சமயத்தில் காட்டின. சிலிகான் ரப்பரில் முடியைவிடப் பலமடங்கு மெல்லிய சந்துகளை வார்த்து, உட்கருவுக்குள் ஒளிரும் புரதத்தை வைத்து, செல்களை உள்ளே நடக்கவிட்டார்கள். இடுக்கில் உட்கரு பிதுங்குகிறது, உறை கிழிகிறது, அதுவரை உருண்டையாக நின்ற ஒளி செல் முழுவதும் பரவுகிறது. நான் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். செல் செத்தது என்று நாம் முடிவுகட்டும்போதே ஒளி மெல்ல மெல்ல உள்ளே திரும்புகிறது! எஸ்கார்ட்–3 என்ற புரதக் கூட்டம் வந்து கிழிசலை மூடிவிடுகிறது. செல் இரண்டாகப் பிரியும்போது புது உட்கரு உறையின் ஓட்டைகளை அடைப்பதும் இதே கூட்டம்தான்.

ஆனால் நசுங்கியதில் டி.என்.ஏ. இழைகள் அறுபடுவதும் உண்டு. அதையும் செல் ஒட்டிக்கொள்கிறது, சில நேரம் பிழையோடு. புற்றைப் பொறுத்தவரை எனக்குக் கவலை தருவது இதுதான்: செத்துத் தொலையாமல், மாறிய மரபணுவோடு மறுபக்கம் போய்ச் சேரக்கூடும். எஸ்கார்ட்டையும் டி.என்.ஏ. பழுதுநீக்கத்தையும் சேர்த்து முடக்கியபோது சந்துக்குள் நுழைந்த செல்கள் நிறையச் செத்தன. அதை வைத்து மருந்து வந்துவிட்டது என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்பாதீர்கள். நம்மைக் காக்கும் அணுக்களும் அதே சந்துகளில்தான் நடமாடுகின்றன.

கேள்வி: சிவப்பணுவுக்கு உட்கருவே இல்லையே, அது குறை இல்லையா?
– வாசகர், நாகர்கோவில்

சௌகரியம் ஐயா, சௌகரியம்! எலும்பு மஜ்ஜையிலேயே தேங்காயைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் அது புறப்படுகிறது. மண்ணீரலின் குறுகிய பிளவுகளில் நுழைந்து வர வேண்டுமே. எறிந்ததில் துணுக்கு ஏதேனும் ஒட்டியிருந்தால் மண்ணீரல் அதைக் கிள்ளி எடுத்துவிடும். மண்ணீரலை அகற்றியவர்களிடம் அந்தத் துணுக்குகள் சிவப்பணுவுக்குள் கரும்புள்ளிகளாக நின்றுவிடும்.

ஒருமுறை ஒருவரின் ஸ்லைடில் அந்தப் புள்ளிகளைப் பார்த்துவிட்டு, "மண்ணீரலை எடுத்துவிட்டார்களா?" என்று கேட்டேன். "உங்களுக்கு யார் சொன்னார்கள்?" என்று திகைத்தவர், சட்டையைத் தூக்கிப் பழைய தழும்பைக் காட்டினார். பத்து வருடத்துக்கு முன் நடந்த பஸ் விபத்தாம்.