நீலகிரியில் பழைய தேவாலயங்களைப் பார்க்க ஆசை, ஆனால் கட்டடக்கலை தெரியாது. எங்கே தொடங்கலாம்?

கட்டடக்கலை தெரியாவிட்டால் போகிறது, அண்ணாந்து பார்க்கத் தெரிந்தால் போதும். ஊட்டி செயின்ட் ஸ்டீபன் சர்ச்சில் தொடங்குங்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் வாசலில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு வண்டியேறிவிடுகிறார்கள், விஷயம் முழுக்க உள்ளேதான் இருக்கிறது.

1829ல் சென்னை கவர்னர் லஷிங்டன் அடிக்கல் நாட்ட, அண்டர்வுட் என்ற பட்டாளத்து கேப்டன் வரைந்து கொடுத்த கட்டடம், 1831 ஈஸ்டர் அன்று மக்களுக்குத் திறந்தார்கள். ஆனால் கூரையைத் தாங்கும் மரம் இருக்கிறதே, அது வேறு ஊர். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் லால்பாக் அரண்மனையிலிருந்து பிரித்துக் கொண்டுவந்த உத்திரங்கள். இங்கே காட்டில் மரமா இல்லை என்று கேட்பீர்கள். இந்த மலையின் சோலைக்காட்டு மரங்கள் குட்டையாகவும் கோணல்மாணலாகவும் வளர்கிறவை, இவ்வளவு அகல மண்டபத்தின் குறுக்கே போட நீளம் எட்டாது. ஒழுங்கான ரோடே இல்லாத காலத்தில் யானைகளை வைத்து மலைமேல் இழுத்து ஏற்றினார்களாம். தோற்றவன் வீட்டு உத்திரத்தை ஜெயித்தவன் தன் சாமி வீட்டுக்குப் போட்டுக்கொண்டான், அந்தக் கூரையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் தோன்றும். மேற்குச் சுவரில் இருக்கும் கடைசி இராப்போஜனப் படத்தையும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் பின்பக்கச் சரிவில் கல்லறைத் தோட்டம். ஊட்டியை உருவாக்கிய கலெக்டர் ஜான் சல்லிவனின் மனைவியும் மகளும் அங்கேதான் இருக்கிறார்கள். பாசி பிடித்த கற்களில் வயதை மட்டும் படித்துக்கொண்டே போங்கள், உடம்பு தேற வேண்டும் என்று குளிரைத் தேடி மலையேறியவர்கள் எவ்வளவு சின்ன வயதில் போய்ச் சேர்ந்தார்கள் என்பது புரியும். மழை நாளில் அந்தச் சரிவு பயங்கரமாக வழுக்கும், செருப்போடு ஏறாதீர்கள்.

ஏரிப் பக்கம் செயின்ட் தாமஸ் சர்ச், நேரம் இருந்தால் போகலாம். 1881ல் பதவியில் இருக்கும்போதே இறந்த கவர்னர் ஆடம் கல்லறை அங்கே இருக்கிறது. சேரிங் கிராஸில் எல்லாரும் படம் பிடிக்கிற நீரூற்று இவர் நினைவாக வைத்ததுதான்.

ஊட்டியோடு திரும்பிவிடாதீர்கள் என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. 1846ல் சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன்காரர்கள் ஊட்டிக்குப் பக்கத்துக் கேத்தியில் வந்து இறங்கி படகர் ஊர்களில் வேலை செய்தார்கள். அந்தப் பக்கத்துச் சின்ன ஊர்க் கிறிஸ்தவக் கோயில்களில் கவர்னரும் இல்லை, திப்புவும் இல்லை. நான் ஆராதனைக்கு உட்கார்ந்த ஒன்றில் தகரக் கூரை, சத்தம் குறைய அடியில் பலகை அடித்திருந்தார்கள், அப்படியும் மழை வலுத்ததும் பாதிரி ஐயர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டுப் பாட்டு எண்ணைச் சொன்னார், சபையே கத்திப் பாடி மழையை ஓட்டியது. கூர்முனை ஜன்னல் மட்டும் சீமையிலிருந்து வந்த வடிவம், மற்றதெல்லாம் உள்ளூர்க் கல்லும் உள்ளூர்க் கையும்.

இவை வாரநாளில் பூட்டித்தான் இருக்கும். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை வீடு எது என்று டீக்கடையில் கேளுங்கள், சாவி அவரிடம்தான். ஞாயிறு போவதானால் ஆராதனை முடிந்த பிறகு கேமராவை எடுங்கள், நடுவில் எடுத்தால் பாட்டிமார் முறைப்பார்கள்.