குதிகாலில் எலும்பு வளர்ந்திருக்கிறதாம், நடப்பதை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: மதுரையில் இருக்கிறேன், வயது 48. மூன்று மாதமாக வலது குதிகாலில் வலி. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைத்தால் உயிர் போகிறது, கொஞ்சம் நடந்ததும் குறைகிறது. தினமும் பூங்காவில் கூழாங்கல் பாதையில் வெறுங்காலோடு எட்டு போட்டு நடப்பேன், மாலையில் மாடித் தோட்டம். வீடு முழுக்க டைல்ஸ். சர்க்கரைக்கு ஐந்து வருடமாக மாத்திரை. எக்ஸ்ரேயில் எலும்பு வளர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். பூங்காவுக்கு வந்த இலவசக் கால் பரிசோதனை முகாமில், 7,500 ரூபாய்க்கு அளவெடுத்துச் செய்த இன்சோல் போட்டால் சரியாகும் என்கிறார்கள். ஆபரேஷன் தேவைப்படுமா? நடையை விட்டுவிடவா?

பதில்: ஆபரேஷன் வேண்டாம். நடக்கலாம், கூழாங்கல்லில் மட்டும் வேண்டாம். அந்த 7,500 ரூபாயை இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள்.

முதலில் எக்ஸ்ரேவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், வலியைவிட அதுதான் உங்களை அதிகம் பயமுறுத்தியிருக்கிறது என்று தெரிகிறது. நாற்பதைத் தாண்டியவர்களை வரிசையாக நிறுத்தி எக்ஸ்ரே எடுத்தால், குதிகால் வலி என்றால் என்னவென்றே தெரியாத எத்தனையோ பேருக்கு அந்த முள் மாதிரி எலும்பு நீட்டிக்கொண்டிருக்கும். வலியில் நொண்டுகிற பலருக்கு இருக்காது. உங்களுக்கும் இந்த மூன்று மாதத்தில் முளைத்திருக்காது, வருடக்கணக்காக அங்கே இருந்திருக்கும், வலி போன பிறகும் அங்கேயேதான் இருக்கும். ஆனால் ஒருவர் ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ‘எலும்பு வளர்ந்திருக்கு’ என்று சொல்லிவிட்டால், அப்புறம் நாங்கள் என்ன சொன்னாலும் காதில் ஏறுவதில்லை, அதை அறுத்து எடுத்தால்தான் ஆச்சு என்று நிற்கிறார்கள்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது பிளாண்டர் ஃபேசியைட்டிஸ், இந்த வயதில் ரொம்பச் சாதாரணமாக வருகிற தொல்லை. குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை பாதத்துக்கு அடியில் கெட்டியான நார்ப்பட்டை ஒன்று ஓடுகிறது, வில்லுக்கு நாண் மாதிரி. பாதத்தின் வளைவைத் தாங்குவதில் அதற்குப் பெரிய பங்கு. அது குதிகாலோடு ஒட்டும் இடத்தில் நைந்துபோயிருக்கிறது. ராத்திரி முழுக்கப் பாதம் தளர்ந்து கிடக்கையில் இறுகிவிடுகிறது, காலையில் மொத்த உடம்பையும் திடீரென்று அதன்மேல் ஏற்றினால் சுண்டி இழுக்கிறது, நடக்க நடக்க இளகுகிறது. முதல் அடி வலியை நீங்கள் விவரித்திருக்கிற விதமே கண்டுபிடிக்கப் போதும். எக்ஸ்ரே எதற்கு எழுதினார்கள் என்று கேட்காதீர்கள், எழுதுகிறவருக்கும் எடுக்கிற லேபுக்கும் நடுவில் சில ஊர்களில் என்ன ஓடுகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். கூடவே யூரிக் ஆசிட் டெஸ்ட் வேறு எழுதுவார்கள். யூரிக் ஆசிட் ஏறினால் வருகிற வலி பெரும்பாலும் கால் கட்டைவிரல் மூட்டில் வீங்கிச் சிவந்து வருகிற சமாச்சாரம், காலை முதல் அடிக்கு மட்டும் வலிக்கிற குதிகாலுக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு.

சரி, முகாமுக்கு வருவோம். காலை ஆறு மணிக்குப் பூங்கா வாசலில் ஒரு குடை, ஒரு மேஜை, ஏறி நிற்க ஒரு தட்டு, லேப்டாப்பில் உங்கள் பாதம் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகத் தெரியும். ‘குதிகால்ல எவ்வளவு பிரஷர் பாருங்க மேடம்’ என்பார் டை கட்டிய பையன். நிற்கும்போது குதிகாலில்தான் எடை அதிகம் இறங்கும், யார் ஏறி நின்றாலும் அங்கே சிவக்கும், அந்தப் பையன் ஏறி நின்றாலும்தான். இலவசம் என்பது அந்தச் சிவப்பைக் காட்டுகிற வரைக்கும். அளவெடுத்துச் செய்த இன்சோலுக்கும் கடையில் ரெடிமேடாகக் கிடைக்கிற, வளைவு வைத்த இன்சோலுக்கும் இந்த வலியைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இல்லை என்று இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகள் எப்போதோ சொல்லிவிட்டன. அதெல்லாம் இருக்கட்டும், நீங்கள் பூங்காவில் வெறுங்கால், வீட்டில் வெறுங்கால், மாடியிலும் வெறுங்காலாகத்தான் இருக்கும். ஷூவுக்குள் வைக்கிற இன்சோலை எதற்குள் வைப்பீர்கள்? இதை அந்த முகாமில் ஒருவர்கூடக் கேட்டிருக்க மாட்டார்.

நம் வீடுகளில் குதிகால் வலி தீராமல் இழுப்பதற்கு இந்த டைல்ஸ் தரையும் ஒரு காரணம். வீட்டுக்குள் மட்டும் போட ஒரு ஜோடி செருப்பு தனியாக வாங்குங்கள், கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கட்டும், காலையில் கால் தரையில் படுவதற்கு முன்னால் அதில் நுழையட்டும். சமையலறையிலும் அதுவே. சாமி ரூமில் கழற்றிவிட்டு நிற்கிற ஐந்து நிமிடத்தால் ஒன்றும் ஆகாது. கடையில் எம்.சி.ஆர். செருப்பைத்தான் முதலில் நீட்டுவார்கள். அது உணர்ச்சி இல்லாத பாதத்தில் புண் வராமல் காக்க, தொழுநோயாளிகளுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் என்று வந்த மெத்தென்ற ரப்பர். நல்ல பொருள்தான், ஆனால் பலகை மாதிரி தட்டையாக இருந்தால் உங்கள் வலிக்கு அரைகுறைப் பலன். செருப்பை இரண்டு கையாலும் பிடித்து மடக்கிப் பாருங்கள். விரல் பக்கம் மட்டும் மடங்கினால் வாங்கலாம், நடுவில் இரண்டாக மடிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். குதிகால் பக்கம் ஒரு விரல் அளவு உயரமாகவும், உள்பக்க வளைவில் சின்னத் திட்டு ஒன்றும் இருந்தால் போதும். சர்க்கரை இருப்பதால் விரலிடுக்கு வார் வேண்டாம், பின்பட்டி வைத்ததாகப் பாருங்கள்.

இனி உடற்பயிற்சி, உண்மையில் உங்களைக் குணப்படுத்தப் போவது இதுதான், இதை விற்க முடியாது என்பதால் யாரும் சொல்வதில்லை. காலையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வலது காலை இடது முழங்கால்மேல் போடுங்கள். வலது கையால் ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்து வலது முழங்கால் பக்கமாக, அதாவது மேல்பாதத்தை நோக்கி, வளைத்து இழுங்கள். இடது கட்டைவிரலால் உள்ளங்காலைத் தடவினால் கயிறு முறுக்கின மாதிரி ஒன்று விறைத்து நிற்பது தெரியவேண்டும், தெரியவில்லை என்றால் இழுத்தது போதவில்லை. பத்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள், இப்படிப் பத்துத் தடவை. முதல் அடி வைப்பதற்கு முன்னால் ஒருமுறை, பகலில் இன்னும் இரண்டு முறை. ஒரு வாரம் கழித்து இதையும் சேருங்கள்: மாடிப்படியின் முதல் படியில் கைப்பிடியைப் பிடித்து நின்று, ஒரு துண்டைச் சுருட்டி விரல்களுக்கு அடியில் வைத்து, குதிகால் படிக்கு வெளியே இருக்க, மூன்று எண்ணிக் குதிகாலை உயர்த்தி, இரண்டு எண்ணி அப்படியே நின்று, மூன்று எண்ணி இறக்குங்கள். முதலில் இரண்டு காலாலும், பழகின பிறகு ஒற்றைக் காலால், பன்னிரண்டு தடவை, ஒருநாள் விட்டு ஒருநாள். செய்யும்போது கொஞ்சம் வலிக்கும், மறுநாள் காலை முதல் அடி முன்பைவிட மோசமாக இருந்தால்தான் குறைக்க வேண்டும்.

உங்களுக்குச் சர்க்கரை இருப்பதால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. செங்கல்லைச் சுட்டு அதன்மேல் எருக்கிலையை வைத்து மிதிக்கச் சொல்லி யாராவது இதற்குள் சொல்லியிருப்பார்கள், இல்லை நாளைக்குச் சொல்வார்கள். சர்க்கரை இல்லாதவர் பதமான சூட்டில் செய்தால் இதமாக இருக்கலாம், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் சர்க்கரைக்காரரின் பாதத்தில் உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருப்பது அவருக்கே தெரியாது. ‘எனக்குச் சூடு நல்லாத் தெரியுதே’ என்று சொல்லிக்கொண்டே மிதித்துவிட்டு, சாயங்காலம் கொப்புளத்தோடு வருகிறார்கள். அந்தக் கொப்புளம் ஆறாமல் மாதக்கணக்கில் இழுக்கும். கொதிக்கிற உப்புத் தண்ணீர், ஹாட் பேக், எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். ஐஸ் பாட்டிலை உருட்டுவதும் உணர்ச்சி சரியாக இருக்கிறதா என்று தெரிந்த பிறகுதான். கூழாங்கல் பாதை வேண்டாம் என்று நான் சொன்னதற்கும் பாதிக் காரணம் இது. குத்துகிற கல் எது, கண்ணாடித் துண்டு எது என்று தெரியாத காலை அதில் இறக்கக்கூடாது. உணர்ச்சியைப் பார்க்க 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்று ஒரு நைலான் நரம்பு இருக்கிறது, உள்ளங்காலில் சில இடங்களில் தொட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது. சர்க்கரைக்கு மாத்திரை எழுதுகிற டாக்டரிடம் வருடம் ஒருமுறை இதைக் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் பல இடங்களில் செருப்பைக் கழற்றச் சொல்லக்கூட மாட்டார்கள்.

குதிகாலில் ஊசி போடலாமா என்ற பேச்சு அடுத்து வரும். ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு, சிலருக்குச் சில மாதங்களுக்கு வலியைக் குறைக்கும். திரும்பத் திரும்பப் போட்டால் குதிகாலின் கொழுப்பு மெத்தை கரையலாம், அந்த நார்ப்பட்டையே அறுந்துபோகவும் வாய்ப்பு உண்டு, உங்களுக்குச் சர்க்கரை அளவும் சில நாட்களுக்கு ஏறும். முதல்நாளே போடுகிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

எங்கள் பிசியோதெரபி ஆட்களையும் விடுவதாக இல்லை. ‘கரண்ட் வைப்பதற்கு’ பத்து நாள் பேக்கேஜ் என்று மொத்தமாகப் பணம் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள். இயன்முறை மருத்துவரிடம் ஒருமுறை போய்ப் பயிற்சியைச் சரியாகக் கற்றுக்கொண்டு, மூன்று வாரம் கழித்து ஒருமுறை காட்டினால் போதும். உங்கள் ஊர் அரசு ராஜாஜி மருத்துவமனையில் இதற்கான பிரிவு இருக்கிறது, காசு கிடையாது. எலும்பு ஓ.பி.யில் எழுதி வாங்கிக்கொண்டு வரவேண்டும், வரிசையில் ஒரு காலைப்பொழுது போய்விடும், அது வேறு. இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று கேட்பீர்கள். சாதாரண பாலிசியில் படுக்கையில் அட்மிட் ஆனால்தான் பணம் வரும், நடந்து வந்து பயிற்சி கற்றுக்கொண்டு போகிறவருக்கு ஒன்றும் வராது. ஆபரேஷன் பேச்சு இவ்வளவு சுலபமாக எழுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

பூங்காவுக்குப் போங்கள். ஷூ போட்டுக்கொண்டு, சமதளமான நடைபாதையில், இப்போதைக்கு இருபது நிமிடம், எட்டு போட்டே ஆகவேண்டும் என்றால் மண் தரையில். மாடியில் வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பத் திரும்ப நடக்காமல் ஒரு ஹோஸ் மாட்டிக்கொள்ளுங்கள். இந்த வலி பெரும்பாலோருக்கு ஒரு வருடத்துக்குள் போய்விடும், ஆனால் மெதுவாகத்தான் போகும், இரண்டு வாரத்தில் பலனில்லை என்று பயிற்சியை விடாதீர்கள். குதிகால் வீங்கினால், அல்லது படுத்திருக்கும்போதும் வலித்தால் காத்திருக்காமல் எலும்பு டாக்டரைப் பாருங்கள். இல்லையென்றால் மூன்று மாதம் செய்துவிட்டு, முதல் அடி எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். எக்ஸ்ரேவை மறுபடி எடுக்க வேண்டாம்.