ஒரு கைப்பிடி போதும், தங்கச்சி

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 51 வயது. விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். புற்றுநோய் என்று ஏப்ரல் கடைசியில் மதுரையில் ஆபரேஷன் செய்து, இரைப்பை முழுவதையும் எடுத்துவிட்டார்கள். ஐந்து வாரம் ஆகிறது. ஒரு கைப்பிடி சோற்றுக்கு மேல் இறங்கவில்லை. தெம்புக்கு என்று மாமியார் பதநீர் கொடுத்தால், கால் மணி நேரத்தில் வியர்த்து, நெஞ்சு படபடத்துப் படுத்துவிடுகிறார். எனக்குப் பக்குவமாகச் சமைக்கத் தெரியவில்லை என்று பேச்சு. மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் கடலுக்குப் போவேன் என்கிறார் இவர். வயிறே இல்லாமல் மனுசன் பிழைப்பானா? பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, பாம்பன்

பதில்: பிழைப்பார், தங்கச்சி. 1897-லேயே சூரிச் நகரத்தில் ஷ்லாட்டர் என்ற டாக்டர் ஒரு பெண்ணுக்கு இரைப்பை முழுவதையும் எடுத்தார். அந்தம்மா அதற்குப் பிறகு சாப்பிட்டு நடமாடினார். இன்றைக்கு வைத்தியம் எவ்வளவோ முன்னேறியிருக்கிறது.

உங்கள் சமையலில் ஒரு குறையும் இல்லை. சோற்றை வாங்கி வைத்து, அரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடுகிற பை அவருக்கு இப்போது கிடையாது. உணவுக்குழாயைச் சிறுகுடலோடு சேர்த்துத் தைத்திருப்பார்கள். விழுங்கியது நேரே குடலில் போய் விழுகிறது. அது இனிப்பாக இருந்தால், ரத்தத்தில் இருக்கிற தண்ணீர் குடலுக்குள் இழுபடும். வியர்வையும் படபடப்பும் அதனால்தான். டாக்டர்கள் டம்பிங் என்பார்கள். பதநீர், கருப்பட்டிக் காப்பி இரண்டையும் நிறுத்துங்கள். நாள் போகப் போகப் பலருக்கும் இது தணிந்துவிடும்.

ஒரு கைப்பிடிதான் இறங்குகிறதா, சரி, அதுவே அளவு. ஒரு நாளைக்கு ஆறு ஏழு தடவை கொடுங்கள். பெரிய தட்டை எடுத்து வைத்துவிட்டுச் சின்னக் கிண்ணத்தில் போடுங்கள். பாதிச் சோறு மிஞ்சிக் கிடப்பதைப் பார்த்தால் அவருக்கும் மனசு விட்டுப்போகும். நன்றாக மென்று சாப்பிடட்டும். தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல், அரை மணி நேரம் கழித்து மடக்கு மடக்காகக் குடிக்கட்டும். சாப்பிட்டதும் மட்டமாகப் படுக்க வேண்டாம், தலையணையை உயர்த்திச் சாய்ந்திருக்கலாம்.

மாமியாரிடம் சண்டை வேண்டாம். அவருக்கும் பிள்ளையைப் பற்றிய பயம்தான். ஒரு வேலையை அவர் கையில் கொடுங்கள்: பிள்ளை பெற்றவளுக்குக் கிண்டுவாரே, அந்தப் பால்சுறாப் புட்டு. வேகவைத்துத் தோலுரித்து, உதிர்த்துப் பிழிந்து, பூண்டும் மஞ்சளும் போட்டு, மிளகாயும் எண்ணெயும் குறைத்துக் கிண்டினால் பஞ்சுபோல இருக்கும். புண் ஆறப் புரதம் வேண்டும். இரண்டு ஸ்பூன் சாப்பிட்டாலும் லாபம்தான்.

மீன் தின்கிற வீடு என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். மீனில் வைட்டமின் பி12 நிறைய உண்டு. ஆனால் அதை உடம்பு எடுத்துக்கொள்ள இரைப்பையில் சுரக்கும் ஒரு பொருள் வேண்டும். இனி அது சுரக்காது. அதனால் பி12 ஊசி ஆயுசுக்கும் தேவை. உடம்பில் சேர்ந்திருக்கும் இருப்பு கொஞ்ச காலம் தாங்குவதால் குறை உடனே தெரியாது. கால் மரத்துப்போய், ரத்தம் குறைந்த பிறகுதான் தெரியும். அடுத்த தடவை போகும்போது எப்போது ஊசி என்று நீங்களே கேளுங்கள். கீமோ, அதாவது புற்றுநோய்க்கான மருந்து சிகிச்சை, பாக்கி இருக்கிறதா என்றும் கேளுங்கள். எடை ரொம்ப இறங்கினால் அது தள்ளிப்போகலாம், வாரம் ஒரு நாள் எடை பார்த்துக் குறித்து வையுங்கள்.

மதுரைக்குப் பஸ்ஸில் போகும்போது சின்னத் தலையணை ஒன்றை அவர் மடியில் வையுங்கள். குலுங்கினாலோ இருமல் வந்தாலோ தையல்மேல் அணைத்துக்கொள்ளட்டும்.

காய்ச்சல் 100.4-ஐத் தாண்டினாலோ, தையலில் சீழ் வந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ அடுத்த தேதிவரை காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்புறம் கடல். ஜூன் 14-ஆம் தேதியோடு தடைக்காலம் முடிகிறது. அவர் வயிற்றுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. மேலே தோல் ஒட்டியிருக்கும். உள்தசை பிடிக்க மாதக்கணக்கில் ஆகும். நங்கூரத்தையோ வலையையோ இழுத்தால் தையல் போட்ட இடத்தில் குடல் பிதுங்கிவிடும், அப்புறம் இன்னொரு ஆபரேஷன். இப்போதைக்கு நிறைகுடம்கூடத் தூக்கக் கூடாது. கடலுக்குப் போகலாமா என்பதை ஆபரேஷன் செய்த டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் நடக்கலாம், நடக்கவும் வேண்டும். படகுகள் கிளம்புகிற அன்று அவரைக் கரைக்குக் கூட்டிப் போங்கள். கூட்டாளிகளோடு பேசிக்கொண்டிருக்கட்டும். களைத்தால் உட்கார ஒரு ஸ்டூலும், பத்து மணிச் சாப்பாட்டுக்கு அந்தக் கிண்ணமும் கையில் இருக்கட்டும்.