கேட்டு வாங்கிய செடி தழைக்காது

கேள்வி: உங்கள் பாட்டியை நினைத்ததும் முதலில் நினைவுக்கு வருவது எது?

திருட்டு.

கேட்டு வாங்கிய செடி தழைக்காது, திருடி நட்டதுதான் பிழைக்கும் என்பது என் அப்பாவைப் பெற்ற பாட்டியின் அசைக்க முடியாத நம்பிக்கை. டெல்லியில் யார் வீட்டுக்குப் போய்த் திரும்பினாலும் முந்தானையில் ஒரு செம்பருத்திக் குச்சியாவது முடிந்திருக்கும். தாத்தாவின் மேலதிகாரி வீட்டுத் தோட்டமும் தப்பவில்லை. மத்திய அரசில் குமாஸ்தாவாக இருந்த தாத்தாவுக்கு அந்த வாரம் முழுக்கத் தூக்கமில்லை.

திருடாமல் வந்தது கறிவேப்பிலை மட்டும்தான். 1970களில் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்தபோது, கும்பகோணத்துக் கொல்லையில் உதிர்ந்த பழங்களை ஈரத்துணியில் சுற்றி ஜி.டி. எக்ஸ்பிரஸில் கொண்டுவந்தார். விதை காய்ந்துவிட்டால் முளைக்காது என்று வழியெல்லாம் துணியை நனைத்துக்கொண்டே வந்தாராம். முளைத்து முழ உயரம் வந்தது. டிசம்பர் குளிரில் ஓர் இலை மிச்சமில்லாமல் கொட்டிவிட்டது. செத்துவிட்டதென்று தாத்தா பிடுங்கப் போக, பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள் தடுத்து, தண்டைச் சுற்றிக் கோணிப்பையைக் கட்டிவிட்டார். ஹோலி சமயத்தில் துளிர்த்தது. பாட்டிக்கு இந்தி வராது, அவருக்குத் தமிழ் வராது. இருவரும் அதன்பின் வருடக்கணக்காகச் செடிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

மரமானதும் பாட்டியின் ஆட்சி தொடங்கியது. கொத்துக் கேட்டு வந்தவரிடம் "ரசத்துக்கா, சாம்பாருக்கா?" என்று விசாரித்த பிறகே ஒடிப்பார். இலையின் எண்ணிக்கை அதைப் பொறுத்தது! கொஞ்சம் கஞ்சத்தனம்தான், மறைப்பானேன். ஆனால் மரத்துக்குப் புளித்த மோர் ஊற்றுவதில் கணக்குப் பார்த்ததே இல்லை. காரத்தன்மை மிகுந்த டெல்லி மண்ணில் வேரால் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் இலை வெளுக்கும் என்று பின்னாளில் படித்தேன். பாட்டி எதையும் படிக்கவில்லை. மோர் ஊற்றினார், பச்சை பிடித்தது.

பிப்ரவரி தோறும் குடியரசுத் தலைவர் மாளிகையின் முகலாயத் தோட்டத்துக்கு (இப்போது அம்ருத் உத்யான்) எங்களை அழைத்துப் போவார். டூலிப் பாத்திகளைப் பார்த்துவிட்டு, "மணமில்லாத பூவுக்கு இத்தனை காவலா?" என்பார். அங்கே திருட முடியாத எரிச்சல் என்பது என் ஊகம்.

தாத்தா ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். வேரிலிருந்து கிளம்பிய கன்றுகள் சிலவற்றோடு மயூர் விஹாரில் மூன்றாவது மாடி. மரம் அங்கேயே நின்றது. பல வருடங்கள் பாட்டி பஸ் பிடித்துப் போய், யாரோ குடியிருக்கும் வீட்டின் பின்பக்கச் சந்தில் நின்று அதைப் பார்த்துவிட்டு வருவார்.

2018இல் சரோஜினி நகர் உள்ளிட்ட ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துக் கட்டும் திட்டத்துக்காக மரங்களை வெட்டப்போகும் செய்தி வந்தது. 14,000க்கும் மேற்பட்ட மரங்கள் போகும் என்றார்கள். மக்கள் மரங்களைக் கட்டிப்பிடித்து நின்றார்கள். உயர் நீதிமன்றம் வெட்டுவதை நிறுத்திவைத்தது. அப்பா செய்தித்தாளை வாசித்துக் காட்டியபோது பாட்டி கேட்டது ஒன்றுதான்: "அந்தக் கணக்கில் கறிவேப்பிலையைச் சேர்த்தார்களா?"

மறு வருடம் போய்ச் சேர்ந்தார். பதின்மூன்றாம் நாள் வந்தவர்களில் சிலர் பாட்டியின் நினைவாக ஒரு தொட்டி கேட்டார்கள், கொடுத்தோம். எல்லோரும் கிளம்பிய பிறகு பால்கனியில் எண்ணிப் பார்த்தால், கறிவேப்பிலைத் தொட்டி ஒன்று கணக்கில் குறைந்தது. அம்மா தேடக் கிளம்பினார். அப்பா வேண்டாம் என்றார். யார் வீட்டிலோ அது நன்றாகவே வளர்ந்துகொண்டிருக்கும்.