மியூசிக் வீடியோ ஆடியன்ஸ் அனலிஸ்ட்: மகளை நம்பிச் சேர்க்கலாமா?

வணக்கம் அம்மா. பாட்டு வீடியோவில் ரசிகர்களுக்கு என்ன பிடிக்கிறது என்று ஆராய்வதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைதான். ஆடியோ நிறுவனங்களின் டிஜிட்டல் பிரிவிலும், யூடியூப் சேனல்களை நிர்வகித்துத் தரும் ஏஜென்சிகளிலும் இதற்கு ஆள் எடுக்கிறார்கள். ஆனால் விளம்பரம் பெரும்பாலும் சேனல் மேனேஜர், டிஜிட்டல் அனலிஸ்ட் என்ற பெயரில்தான் வரும். தொடக்கத்தில் ஒப்பந்த வேலையாகவே கிடைக்கலாம், அதற்கு மனதைத் தயார்செய்து கொள்ளுங்கள்.

மெட்டு பிடித்ததா, காட்சி பிடித்ததா என்று பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும். இந்த வேலைக்கு அதுதான் உயிர். வியூஸ் எண்ணிக்கை அதைச் சொல்லாது. நம் சினிமாப் பாடல்களுக்கு வழக்கமாக பாட்டு வரிகள் திரையில் ஓடும் லிரிக் வீடியோ முதலில் வரும், படம் வெளியான பிறகு முழு வீடியோ வரும். இரண்டிலும் ஆடியோ ஒன்றேதான், காட்சிதான் வேறு. சேனல் வைத்திருப்பவர் தன் வீடியோக்களின் புள்ளிவிவரங்களைப் பார்க்கும் யூடியூப் ஸ்டுடியோவில் இரண்டின் ரிடென்ஷன் வரைபடங்களையும், அதாவது ஒவ்வொரு விநாடியிலும் எத்தனை சதவீதம் பேர் பார்க்கிறார்கள் என்று காட்டும் கோடுகளை, ஒப்பிட வேண்டும். விநாடிக் கணக்கை வைத்துப் பொருத்தக் கூடாது. முழு வீடியோவின் முன்னால் வசனம் இருக்கலாம், அதனால் பல்லவி தொடங்கும் இடத்தை வைத்துப் பொருத்த வேண்டும். இரண்டிலும் ஒரே இடத்தில் கோடு ஏறினால் மெட்டு இழுக்கிறது. முழு வீடியோவில் மட்டும் ஏறினால் அந்த ஸ்டெப்போ முகமோ இழுக்கிறது. திரும்ப ஓட்டிப் பார்க்கும் இடத்தில் கோடு 100 சதவீதத்தையும் தாண்டலாம்.

புதியவர்கள் சறுக்குவது இரண்டு இடங்களில். லிரிக் வீடியோவை ஓடவிட்டுச் சமையல் செய்பவர்கள் ஏராளம். சராசரி பார்வை நேரம் கூடுதலாக இருப்பதை வைத்து ‘கிராஃபிக்ஸ் நன்றாக இருக்கிறது’ என்று எழுதிவிடுவார்கள். அடுத்தது ஷார்ட்ஸ் எனப்படும் குட்டி வீடியோக்கள். 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ. அதை நீள வீடியோவின் வியூஸோடு கூட்டினால் அறிக்கையே பாழ்.

படிப்பைப் பொறுத்தவரை, மகளுக்குக் கணக்கு வருமென்றால் பி.எஸ்சி. புள்ளியியல் என் முதல் தேர்வு. விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் சேருங்கள், கூடவே எக்செல் நன்றாகக் கற்றுக்கொள்ளட்டும். ‘யூடியூப் அனலிட்டிக்ஸ் சான்றிதழ்’ என்று பெருந்தொகை கேட்கும் குறுகிய காலப் படிப்புக்குப் பணம் கட்டாதீர்கள். ஸ்டுடியோ இலவசம், சொந்தமாக ஒரு சேனல் இருந்தால் போதும்.

சேர்வதற்கு முன் இந்த விடுமுறையிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கட்டும். பாட்டெழுதும் தோழியின் சொந்தப் பாடலை போனில் படமாக்கி, லிரிக் வடிவம் ஒன்று, முழு வீடியோ ஒன்று ஏற்றலாம். சினிமாப் பாட்டு வேண்டாம், பிறர் பாட்டைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடி வழியாக உரிமைக் கோரல் வந்து நிற்கும். பார்வைகள் சில நூறாவது சேராமல் வரைபடத்தை நம்ப முடியாது. அதுவரை வெவ்வேறு வயதில் பன்னிரண்டு பேரை உட்கார வைத்து, பாதிப் பேருக்குச் சத்தத்தோடும் மீதிப் பேருக்குச் சத்தமில்லாமலும் போட்டுக் காட்டட்டும். “பிடித்ததா?” என்று கேட்டால் முகத்துக்காக எல்லோரும் ஆமாம் என்பார்கள். கண் எந்த விநாடியில் திரையை விட்டு விலகுகிறது என்று பக்கத்தில் இருந்து குறிக்க வேண்டும். சத்தமில்லாமலும் கண் நகராத இடம் காட்சியின் பலம்.

இதை இரண்டு பக்க அறிக்கையாக எழுதி வைத்தால் இன்டர்ன்ஷிப் கேட்கும்போது கையோடு காட்டலாம். குறித்து முடிப்பதற்குள் அவளுக்கே சலிப்புத் தட்டினால், கல்லூரி விண்ணப்பத்தை நிரப்புமுன் என்னிடம் இன்னொரு முறை பேசுங்கள்.