அமெரிக்காவின் ரகசிய ஒட்டுக்கேட்பு நீதிமன்றம்: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: அண்ணா, கோர்ட் என்றாலே கதவு திறந்திருக்க வேண்டும் என்றுதான் படித்திருக்கிறேன். உளவுக்காக ஒட்டுக்கேட்க ரகசியமாக அனுமதி கொடுக்கும் இந்த ஃபைசா நீதிமன்றத்தை யார் ஆரம்பித்தது?

பதில்: நாடாளுமன்றமேதான், தம்பி. 1975-ல் செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையிலான குழு விசாரித்தபோது, மார்ட்டின் லூதர் கிங் உட்படப் பலரை எஃப்பிஐ எந்த நீதிபதியையும் கேட்காமல் வருடக்கணக்கில் வேவு பார்த்தது வெளியே வந்தது. அதற்குக் கடிவாளமாக 1978-ல் வந்ததுதான் ஃபைசா என்கிற வெளிநாட்டு உளவுக் கண்காணிப்புச் சட்டம், இந்த நீதிமன்றமும் அதில்தான் பிறந்தது. உளவுக்காக அமெரிக்க மண்ணில் ஒட்டுக்கேட்க வேண்டுமா, நீதிபதியிடம் உத்தரவு வாங்கு என்றது. அந்த நோக்கத்தில் எனக்குக் குறை தெரியவில்லை.

கேள்வி: 2012 வரை 33,000-க்கு மேல் மனுக்களுக்கு அனுமதி, தள்ளுபடி வெறும் 11. தலையாட்டி பொம்மைதானே சார்?

பதில்: அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவுகட்டாதீர்கள். 2013-ல் அந்த நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த ரெஜி வால்டன் செனட்டுக்கு எழுதிய கடிதத்தில், மூன்று மாதத்தில் வந்த மனுக்களில் சுமார் 24 சதவீதம் கணிசமாகத் திருத்தப்பட்டதாகச் சொல்கிறார். என்னை உறுத்துவது வேறு. அங்கே பெரும்பாலும் எதிர்த்தரப்பு என்று யாருமே கிடையாது, அரசு சொல்வதுதான் நீதிபதிக்குத் தெரியும். டிரம்பின் 2016 தேர்தல் பிரச்சார ஆலோசகராக இருந்து, ரஷ்யத் தொடர்பு சந்தேகத்தில் கண்காணிக்கப்பட்ட கார்ட்டர் பேஜ் விஷயத்தைப் பாருங்கள். அவரோடு தொடர்பு இருந்ததாக சிஐஏ-யிலிருந்து வந்த மின்னஞ்சலில், எஃப்பிஐ வழக்கறிஞர் ஒருவர் 'தகவலாளி இல்லை' என்று தானே ஒரு வரியை நுழைத்து அனுப்பிவிட்டார். கண்காணிப்பு நீட்டிக்கப்பட்டது. பேஜ் தரப்பில் ஒரு வக்கீல் இருந்திருந்தால் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருந்திருக்கும். 2019 டிசம்பரில் நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் 17 பெரிய பிழைகளைப் பட்டியல் போட்ட பிறகுதான் ஊருக்கு விஷயம் தெரிந்தது, அந்த வழக்கறிஞரும் பிறகு குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

கேள்வி: நீதிபதிகளை யார் போடுகிறார்கள்?

பதில்: 11 பேர், ஏழு வருடப் பதவி, தேர்வு முழுக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஒருவர் கையில். எல்லாரும் ஏற்கெனவே செனட் ஒப்புதல் பெற்ற மாவட்ட நீதிபதிகள்தான், ஆனால் இந்த இருக்கைக்கென்று தனியாக ஒப்புதல் கிடையாது.

கேள்வி: நாடாளுமன்ற உளவுக் குழு உறுப்பினர்களுக்கு இந்தக் கண்காணிப்பெல்லாம் தெரியுமே, அவர்கள் ஏன் சும்மா இருந்தார்கள்?

பதில்: தெரியும், வாய் திறக்க முடியாது. 2013 மார்ச் 12. செனட் உளவுக் குழுவில் இருந்த ரான் வைடன், அப்போதைய தேசிய உளவு இயக்குநர் கிளாப்பரிடம், கோடிக்கணக்கான அமெரிக்கர்களின் ஏதாவது தகவலை மின்னணு உளவு அமைப்பான என்எஸ்ஏ திரட்டுகிறதா என்று கேட்கிறார். கிளாப்பர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே "இல்லை ஐயா" என்கிறார், அப்புறம் "தெரிந்தே செய்யவில்லை" என்கிறார். அது பொய் என்று வைடனுக்குத் தெரியும். சபையில் பேசியதற்காக உறுப்பினர்மேல் வழக்குப் போட முடியாது என்று அரசியல் சாசனம் சொன்னாலும், ரகசியத்தை உடைத்தால் குழுவிலிருந்து தூக்கிவிடலாம், அப்புறம் கேள்வி கேட்கவும் ஆள் இருக்காது. மூன்று மாதத்தில், என்எஸ்ஏ ரகசியங்களை வெளியிட்ட ஸ்னோடன் மூலம், வெரைசன் தொலைபேசி நிறுவனத்துக்கு இந்த நீதிமன்றம் போட்ட உத்தரவு வெளிவந்தது: யார் யாருக்கு, எப்போது, எவ்வளவு நேரம் பேசினார்கள் என்ற பதிவு மொத்தமும் தினமும் என்எஸ்ஏ-வுக்கு. 2015-ல்தான் சட்டம் திருத்தி அந்த மொத்த அள்ளலை நிறுத்தினார்கள். முக்கியமான வழக்குகளில் வெளி வக்கீல் ஒருவரை அழைத்துக் கருத்துக் கேட்கவும் வழி வந்தது.

கேள்வி: நாடாளுமன்ற உறுப்பினர்களே அந்த நீதிமன்றத்துக்குள் போய் உட்கார்ந்தால் அதிகாரப் பிரிவினை என்ன ஆகும்?

பதில்: 2024 சட்டம் இரு சபைத் தலைவர்களுக்கும் சில குழுத் தலைவர்களுக்கும் அந்த உரிமையைக் கொடுத்துவிட்டது. பார்ப்பது வேறு, தீர்ப்பில் கை வைப்பது வேறு, அதனால் இதைத் தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் அரசியல்வாதி பின்வரிசையில் உட்காருவதைவிட, எதிர்வாதம் செய்ய ஒருவர் எழுந்து நிற்பதுதான் அந்த நீதிபதிக்கு உதவும்.

கேள்வி: நான் நியூஜெர்சியில் கிரீன் கார்டில் இருக்கிறேன். மதுரையில் இருக்கும் அம்மாவோடு தினமும் பேசுகிறேன். எனக்கென்ன?

பதில்: வெளிநாட்டில் இருக்கும் அந்நியரை, வெளிநாட்டு உளவுத் தகவலுக்காக, தனி வாரன்ட் இல்லாமலே ஃபைசா சட்டத்தின் 702-வது பிரிவில் குறிவைக்கலாம். அம்மாவைக் குறிவைக்க அவர்களுக்குக் காரணம் எதுவும் இருக்காது, பயப்படாதீர்கள். ஆனால் அங்கே ஒருவரைக் குறிவைத்தால், அவரோடு பேசிய உங்கள் பேச்சும் சேர்ந்தே சேமிப்பில் விழும், பிறகு எஃப்பிஐ அதை உங்கள் பெயர் போட்டுத் தேடலாம். அந்தத் தேடலுக்காவது வாரன்ட் வேண்டும் என்று 2024 ஏப்ரலில் கீழவையில் ஒரு திருத்தம் வந்தது. 212-க்கு 212. சமமானால் தோல்வி என்பது விதி.