கேள்வி – பதில்: கொடியின் முன் ஏன் நிற்கிறோம்?

கேள்வி: சுதந்திர தின ஒத்திகையின்போது எனது மாணவன் ஒருவன், "ஒரு துணிக்கு ஏன் எழுந்து நிற்க வேண்டும், ரீச்சர்? போரில் மாமாவை இழந்த வீடு எங்களுடையது. நான் வணங்கினால் நடந்ததெல்லாம் சரி என்று ஆகிவிடாதா?" என்று கேட்டான். நான் அவனுக்கு என்ன சொல்வது?
– ஆசிரியை ஒருவர், களுவாஞ்சிகுடி

பதில்: அவனைக் கண்டித்து அமர்த்தாமல் விட்டீர்களே, அதற்கு முதலில் நன்றி. துணி என்று அவன் சொன்னது உண்மைதான். மாமாங்கேசுவரர் கோயிலின் கொடிச்சீலையும் துணி, கல்முனைக்குடிக் கடற்கரைப்பள்ளியில் ஏறும் கொடியும் துணி. ஆயினும் கோயிலில் கொடியேறிய நாளிலிருந்து அது இறங்கும் வரை நம்மில் பலர் வீட்டில் மச்சம் சமைப்பதில்லை. துணிக்கு அஞ்சியா அப்படி இருக்கிறோம்? ஊர் கூடி ஏற்றுக்கொண்ட ஒன்றுக்குக் கட்டுப்படுகிறோம்.

நடந்ததற்கெல்லாம் உடன்பட்டதாகிவிடும் என்ற அவனது அச்சமே கவனத்துக்குரியது. அரசாங்கங்கள் மாறும், கொடி அவற்றில் எதற்கும் சொந்தமன்று. கண்டியின் கடைசி அரசனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் வாளேந்திய சிங்கக் கொடியையே சுதந்திர இலங்கையின் கொடியாக ஏற்க வேண்டும் என்று 1948 ஜனவரியில் பாராளுமன்றத்தில் பிரேரணை கொண்டுவந்தவர், மட்டக்களப்பு உறுப்பினர் முதலியார் ஏ. சின்னலெப்பை. (இதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுக்காதது எனக்கு வருத்தமே.) அந்தக் கொடியில் தமக்கு இடமில்லை என்ற குரல்களும் எழுந்தன, குழுவொன்று அமைக்கப்பட்டு, தமிழருக்குச் செம்மஞ்சள், முஸ்லிம்களுக்குப் பச்சை என இரு பட்டிகள் சேர்க்கப்பட்டன. 1951 மார்ச் 2ஆம் திகதி அக்கொடி ஏற்றுக்கொள்ளப்பட்டது. குழுவிலிருந்த செனட்டர் எஸ். நடேசன் மட்டும், அப்பட்டிகள் சிங்கம் நிற்கும் கட்டத்துக்கு வெளியே நிற்பதால் அவை ஒற்றுமையைக் காட்டமாட்டா என்று உடன்பட மறுத்தார். அவருடைய மறுப்பை நான் இன்றும் நியாயமானதாகவே கருதுகிறேன். சிங்கத்தைச் சுற்றி மூலைகளில் உள்ள அரசமர இலைகள் நான்கும் 1972இல்தான் வந்தன.

கேட்டும் மறுத்தும் திருத்தியும் உருவான கொடி இது என்பதால், அதை மதிக்கும் எவரும் தம் கேள்வியைக் கைவிட வேண்டியதில்லை. இதில் எனக்கும் ஒரு பட்டி உண்டு, அதற்குரிய மதிப்பு எனக்கும் என் வீட்டாருக்கும் கிடைக்க வேண்டும் என்று உரிமையோடு நிற்பதையே நான் கொடிவணக்கம் என்று கொள்கிறேன். உங்கள் மாணவன் நேராக நின்று மௌனமாக இருந்தால் போதும், ரீச்சர். அந்த நேரத்தில் அவன் தன் மாமாவை நினைத்தால், அது கொடிக்கு எந்த அவமதிப்பும் அன்று.

கேள்வி: துக்க தினத்தில் கொடியை நேரே அரைக்கம்பத்தில் கட்டிவிடலாமா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: கூடாது. முதலில் உச்சிவரை ஏற்றி, ஒரு கணம் நிறுத்தி, பின்னரே பாதிக்கு இறக்க வேண்டும். மாலையில் கழற்றும்போதும் மீண்டும் உச்சிக்கு ஏற்றிய பிறகே இறக்க வேண்டும். கொடி நிலத்தில் படாதபடி கீழே ஒருவர் கையேந்தி வாங்கிக்கொள்வது நல்லது.